துடைப்பத்தைக் கீழே வையுங்கள்

போன வாரமும் ஓர் அழைப்பு. அரிசோனாவின் பீனிக்ஸ் நகரின் தெற்கே, சவுத் மவுண்டன் அடிவாரத்தில் குடியிருக்கும் குடும்பம். கராஜில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ராட்டில்ஸ்நேக், அதாவது கிலுகிலுப்பைப் பாம்பு, சுருண்டு கிடக்கிறது. "அண்ணா, குப்பைத் தொட்டியும் துடைப்பமும் எடுத்துட்டேன். தள்ளி மூடிடவா?" என்கிறார் வீட்டுக்காரர். கூடாது என்று கத்தினேன். ஒவ்வொரு கோடையிலும் யாரோ ஒருவரிடம் இப்படிக் கத்த வேண்டியிருக்கிறது. ஊரில் சாரையை விரட்டிய தைரியத்தில் இங்கே விரியனிடம் போகிறார்கள்.

அரிசோனாவில் 13 வகை ராட்டில்ஸ்நேக்குகள் இருக்கின்றன. அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. வீட்டுப் பக்கம் அதிகம் வருவது வெஸ்டர்ன் டயமண்ட்பேக். கிலுகிலுப்பை ஒலித்த பிறகுதான் கடிக்கும் என்று நம்ப வேண்டாம். சத்தமே இல்லாமலும் கடிக்கும். ஆடி, ஆவணியில் பிறக்கும் குட்டிகளுக்கு ஒலி எழுப்பும் வால் இன்னும் வளர்ந்திருக்காது, விஷம் மட்டும் பிறவியிலேயே உண்டு.

பாம்பைப் பார்த்தவுடன் பத்தடி பின்வாங்குங்கள். அது துரத்தி வராது. குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு பெரியவர் மட்டும் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் எந்தப் பொந்தில் நுழைந்தது என்று தெரியாமல் போய்விடும். பாம்பைப் பிடிக்க வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். செல்போனில் ஜூம் செய்து ஒரு படம் எடுங்கள். கோஃபர் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பும் வாலை அடித்து ஏமாற்றும். எந்தப் பாம்பு என்று பிடிக்க வருகிறவர்கள் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

யாரைக் கூப்பிடுவது? பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். கவுண்டியின் விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலகம் நாய், பூனைக்கானது. மாநில வேட்டை மற்றும் மீன்வளத் துறை விதிகளை வகுக்கும். உங்கள் கராஜுக்கு ஆள் அனுப்பாது. குடியிருப்போர் சங்கமான எச்.ஓ.ஏ.வுக்குப் போன் செய்தால் "அது எங்கள் வேலை இல்லை" என்று வைத்துவிடுவார்கள். எனக்கே அப்படி நடந்தது. தோட்டத்தில் கல் நிறம் மாறினால் மூன்றாம் நாள் நோட்டீஸ் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, பாம்பு என்றதும் ஒரு தொலைபேசி எண்ணைச் சொல்லக்கூடத் தெரியவில்லை.

நீங்கள் கூப்பிட வேண்டியது உங்கள் பகுதித் தீயணைப்புத் துறையின் அவசரமல்லாத எண். டூசான் பக்கம் கோல்டர் ராஞ்ச், நார்த்வெஸ்ட் போன்ற தீயணைப்பு மாவட்டங்கள் பாம்பை எடுத்துச் செல்கின்றன. எல்லா ஊரிலும் அப்படி இல்லை. ஆகவே பாம்பு வருவதற்கு முன்பே, இன்றே, போன் செய்து "வருவீர்களா?" என்று கேட்டு, அந்த எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வரமாட்டோம் என்றால் ஒரு தனியார் சேவையின் எண்ணை எழுதிவையுங்கள். காசு வாங்கிக்கொண்டு காட்டுயிர்களை அகற்றுகிறவருக்கு மாநிலத்தின் 'வைல்ட்லைஃப் சர்வீஸ்' உரிமம் வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள். இரவில் வந்தால் எவ்வளவு கட்டணம், பாம்பை எங்கே விடுவீர்கள் என்றும் கேளுங்கள்.

"இருபது மைல் தள்ளி விட்டுவிடுகிறோம்" என்கிறவரை நம்பாதீர்கள். பாம்புக்குத் தன் பொந்தும் நிழலும் மட்டுமே தெரியும். மாண்டசுமா காசில் தேசிய நினைவிடத்தில் ரேடியோ கருவி பொருத்தி இடம் மாற்றிய டயமண்ட்பேக்குகள் நிலைகொள்ளாமல் வெகுதூரம் அலைந்தன. சில பழைய இடத்துக்கே திரும்பி வந்தன. ஜூன் மாத வெயிலில் முன்பின் தெரியாத இடத்தில் விட்டால் அதற்கு அதுவே சாவு. அதன் எல்லைக்குள், பக்கத்து வெட்டவெளியில், நிழலும் எலிப்பொந்தும் உள்ள இடத்தில் விடுவதுதான் முறை.

அடித்துக் கொன்றுவிடலாம் என்கிறவர்களுக்கு: நான்கு வகைகளுக்கு மாநிலத்தில் முழுப் பாதுகாப்பு உண்டு. மற்றவற்றைப் பிடிக்கவும் வேட்டையாடவும் உரிமம் தேவை. நகர எல்லைக்குள் துப்பாக்கியால் சுட்டால் வழக்கு வரலாம். வெட்டிப்போட்ட தலைகூட வெகுநேரம் கழித்துக் கடிக்கும். மறுபடி சொல்கிறேன், துடைப்பமும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம்.

கடித்துவிட்டால் 911. தானே கார் ஓட்டிப் போகக் கூடாது. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். மோதிரம், வளையல், மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். இங்குள்ள எல்லா ராட்டில்ஸ்நேக்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் கொடுப்பார்கள். சந்தேகம் கேட்க விஷத் தகவல் மையத்தின் எண் 1-800-222-1222, இரவு பகல் எந்நேரமும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குக் காப்பீடு இல்லையே என்று ஒரு நிமிடம்கூடத் தயங்காதீர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வந்தவரிடம் பணம் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி அனுப்ப முடியாது. பரிசோதித்து, உயிராபத்து நீங்கும்வரை சிகிச்சை தந்தாக வேண்டும். பிறகு வரும் பில் பெரிதாகத்தான் இருக்கும். வரிக்கு வரி விவரமுள்ள பில்லை எழுதிக் கேட்டு வாங்குங்கள், மருத்துவமனையின் நிதியுதவி விண்ணப்பத்தையும் சேர்த்துக் கேளுங்கள். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் அத்திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பாம்பு போனதும் பக்கவாட்டுக் கேட்டின் அடியைப் பாருங்கள். விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பாம்புக்குட்டி நுழையும். கம்பி வேலிக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள வலையை மூன்றடி உயரத்துக்குக் கட்டி, அடியைச் சில அங்குலம் மண்ணில் புதைக்க வேண்டும். எச்.ஓ.ஏ. உள்ள இடமென்றால் முதலில் வெளிப்புற மாற்றத்துக்கான விண்ணப்பம் கொடுங்கள். பாம்பின் படத்தையும் தேதியையும் இணைத்து, பெற்றதற்குச் சான்று வாங்குங்கள். வாடகை வீடென்றால் கதவிடுக்கைப் பற்றி வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதை அவர் மறந்துவிடுவார். அனுமதி வரும்வரை கராஜ் கதவைத் திறந்துபோட வேண்டாம். அந்தி சாய்ந்தபின் டார்ச் இல்லாமல், ரப்பர் செருப்போடு யாரையும் நடக்க விடாதீர்கள்.