தூக்கத்தில் ஏறும் படபடப்பு

படுத்து இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. திடுக்கென்று விழிப்பு. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு போதவில்லை, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. செத்துவிடுவோமோ என்ற பயம் வேறு. காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரானாலும் தெற்கே உத்திரமேரூர் பக்கத்துச் சிற்றூரானாலும் முதலில் கைக்கு வருவது ஓமத்தண்ணீர்தான். "வாயு பிடிச்சிருக்கும்" என்பார்கள். பிறகு நெற்றியில் திருநீறு. விடிந்ததும் ஈ.சி.ஜி. எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். "ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க" என்ற ஆறுதலோடு வீடு திரும்பினால், நாலு நாளில் மறுபடி அதே கதை.

இதயத்தில் பழுதில்லை என்பது சரி. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்பது சரியல்ல. சிறுநீரகங்களின் தலைமாட்டில் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நிஜமாகவே அட்ரினலினைக் கொட்டியிருக்கின்றன. இதயம் நிஜமாகவே ஓடியிருக்கிறது. மருத்துவம் இதை இரவுநேரப் பீதித் தாக்கு என்கிறது. தூக்க ஆய்வுக்கூடங்களில் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்ததில், இது பெரும்பாலும் கனவு வரும் கட்டத்தில் வருவதில்லை. லேசான தூக்கம் ஆழ்ந்த தூக்கமாக மாறும் வேளையில் வருகிறது. அதனால்தான் "என்ன கனவு கண்டே?" என்று கேட்டால் பதில் இருக்காது.

அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் க்ளைன் 1993-இல் ஒரு விளக்கம் சொன்னார். ரத்தத்தில் கரியமிலவாயு கூடுகிறதா என்று மூளை ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கிறது. சிலருக்கு அந்தக் காவல் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. திருடன் வராமலே குரைக்கும் நாயைப் போல, மூச்சு முட்டாமலே "மூச்சு முட்டுகிறது" என்று எச்சரிக்கிறது. எல்லோரும் ஏற்ற முடிவல்ல இது. ஆனாலும் தூங்குகிறவரை ஏன் தாக்குகிறது என்பதற்குப் பொருந்தி வருகிறது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது கரியமிலவாயு குறைந்துபோகிறது. விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான்.

இருந்தாலும் எடுத்த எடுப்பில் "மனசுதான் காரணம்" என்று முடிவுகட்டக் கூடாது. சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்ப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தாலும் இதே வியர்வை, இதே படபடப்பு. தைராய்டு மிகுந்தாலும், ரத்தசோகை முற்றினாலும், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலும் இப்படி ஆகலாம். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறி, எழுந்து உட்கார்ந்தால் தணிகிறதா? அது இதய வால்வு அல்லது இதயத் தசையின் கோளாறாக இருக்கக்கூடும்.

அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடிய உருப்படியான காரியம் ஒன்று உண்டு. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, 15 விநாடி நாடியை எண்ணி, நான்கால் பெருக்குங்கள். சுவிட்சைப் போட்டதுபோல் சட்டென்று தொடங்கி, 150-ஐத் தாண்டி ஓடி, சட்டென்று நின்றால் அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். எண்ணியதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டினால், 24 மணி நேர ஈ.சி.ஜி. தேவையா என்று அவர் முடிவெடுக்க உதவும்.

நெஞ்சு அழுத்தும் வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம் இருந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு முதல்வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்தனுப்பும் "இதயம் காப்போம்" திட்டம் தமிழ்நாட்டில் 2023-இல் வந்தது. பெண்கள் நெஞ்சுவலி என்று சொன்னால் "பயந்துட்டா" என்று தள்ளிவிடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அது உயிரைக் குடிக்கும் பழக்கம்.

சோதனைகளில் குறை எதுவும் இல்லையென்றால், இதற்கென்றே சிகிச்சை இருக்கிறது. மனநலப் பிரிவில் கொடுக்கும் மாத்திரைகள் வேலை செய்ய சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்திலேயே பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. படபடப்பைக் கண்டு பயப்படாமலிருக்கப் பழக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் நல்ல பலன் உண்டு. தெரிந்தவர் சொன்னார் என்று தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. அது சீக்கிரமே பழக்கமாகி, விட்டால் படபடப்பு இன்னும் கூடும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், ராத்திரி ஒரு மணிக்கும் எடுப்பார்கள்.