சிக்கிமுக்கித் துப்பாக்கியும் செதுக்குளியும்

துப்பாக்கியை மலாய் மொழியில் 'செனாப்பாங்' என்பர். நம் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவனுக்கும் தெரிந்த சொல் இது. ஆயினும் இது பிறந்த கதையை அறிந்தோர் சிலரே. டச்சுக்காரர் 'ஸ்நாப்ஹான்' என்று வழங்கிய சொல்லே இங்குச் செனாப்பாங் ஆயிற்று. கொத்தும் சேவல் என்பது அதன் பொருள். சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வி நிற்கும் இரும்புக் கையானது, விசையை இழுத்தவுடன் சேவல் தலையைச் சாய்த்துக் கொத்துவதுபோல் எஃகின்மேற் பாயும். அதனால் வந்த பெயர் இது. ஆங்கிலேயரும் அவ்வுறுப்பைச் சேவல் என்றே அழைத்தனர். மலாய்க்காரர் வாயில் துப்பாக்கி விசைக்குப் பெயர் 'பெலாத்தோக்'. மரங்கொத்திப் பறவைக்கும் அதுவே பெயர். நாம் மட்டும் அதைக் குதிரை ஆக்கிவிட்டோம்! துப்பாக்கி என்ற சொல்லோ துருக்கி மொழியிலிருந்து வந்தது என்பர் அகராதியார். வெடிக்கும் தூளை நாம் 'மருந்து' என்கிறோம். மலாய்க்காரரும் 'ஊபாட் பெடில்', அதாவது துப்பாக்கி மருந்து, என்றே கூறினர்.

சொல்லாராய்ச்சி இவ்வளவில் நிற்க. பொருளுக்கு வருவோம். கல்லால் தீயெழுப்பி, வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் துப்பாக்கி பல நாடுகளில் இருந்ததுண்டு. அதனை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர் வட அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பகுதியிற் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தோர், தம் நாட்டு வேடர் ஏந்திய குட்டையான, பருமனான துப்பாக்கியை உடன் கொணர்ந்தனர். புதிய நாட்டின் காடு பெரிது. ஈயமும் மருந்தும் விலை மிக்கவை. அவற்றைத் தோளிற் சுமந்தே திரிய வேண்டும். ஆதலின் குழல் நீண்டது, துளை சிறுத்தது. ஏறத்தாழ 30 அங்குலமாயிருந்த குழல் 40 அங்குலத்தையும் கடந்தது. லங்காஸ்டர் நகரம் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்கு வாழ்ந்த ஜேக்கப் டிக்கர்ட் என்பாரின் பெயர் பொறித்த குழல்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

குழல் செய்யும் முறையே எனக்கு வியப்பளிப்பது. துளையுள்ள இரும்புக் குழாய் அக்காலத்தில் விலைக்குக் கிடைப்பதன்று. தட்டையான தேனிரும்புப் பட்டை ஒன்றை உலையிற் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி நீளவாக்கில் மடிப்பர். இரு விளிம்பும் சேரும் இடத்தில் வெண்காரம் அல்லது மணல் தூவி, வெண்ணிறமாகப் பழுக்கும்வரை காய்ச்சி, விரைந்து அடித்து ஒட்டுவர். ஒரு முறைக்குச் சில அங்குலமே ஒட்டும். இடையிடையே உள்ளிருக்கும் கம்பியை உருவாவிட்டால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லையென்றால், சுடும்போது அவ்விடத்தே குழல் பிளந்து சுடுவோன் கையையே கொண்டுபோகும். கொல்லனின் ஒட்டிலே மற்றொருவன் உயிர் இருந்தது என்க.

ஒட்டிய குழலைத் துளைப்பான்களால் உட்புறம் கடைந்து நேராக்கிய பின்னரே புரி வெட்டும் வேலை. புரி என்பது குழலின் உட்சுவரில் திருகாணிபோல் சுற்றிச் செல்லும் பள்ளம். பெரும்பாலும் ஏழு பள்ளங்கள்; அவை 48 அங்குல நீளத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும் அளவில் வெட்டுதல் பரவலான வழக்கம். பம்பரம் சுழலும்போது சாயாமல் நிற்பதுபோல், புரிவழியே சுழன்று வெளியேறும் குண்டும் வழி பிசகாமற் செல்லும்.

இதனை வெட்டும் கருவியோ மிக எளிது. பருத்த மர உருளை ஒன்றில் முன்பே திருகுப் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அதனை இழுத்தால் சுழன்றுகொண்டே வரும். அதனோடு பிணைத்த நீண்ட கோலின் முனையில் சிறு பல் போன்ற எஃகு வெட்டி. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் மயிரிழையளவு இரும்பே சீவப்படும். பல் தேய்ந்து வெட்டாமற் போனால் அதனடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி உயர்த்துவர். காகிதத்தின் பருமனே அவர்களுடைய அளவுகோல்! மாணவர்க்கு நுட்ப அளவையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

குண்டு குழலினும் சற்றுச் சிறிதாயிருக்கும். கொழுப்புத் தடவிய துணித்துண்டிற் பொதிந்து அதனை வாய்வழியே தள்ளுவர். அத்துணியே புரியைப் பற்றிக் குண்டைச் சுழற்றுவது. இதனால் குறி தவறாது; ஆனால் நேரம் செல்லும். புரியில்லாத படைத்துப்பாக்கியை நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவர். இதனையோ ஏறக்குறைய ஒரு முறையே. ஈட்டி முனையும் பொருத்த இயலாது. 1775ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ், பென்சில்வேனியாவில் ஆறும் மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் இவ்விரண்டுமாகப் புரித்துப்பாக்கிப் படைப்பிரிவுகளைத் திரட்ட ஆணையிட்டது. எனினும் படைவீரர் பெரும்பாலோர் ஏந்தியது பழைய வழுவழுப்புக் குழலையே. இதே துப்பாக்கி குடியேறியோர்க்கு உணவு தந்தது. அந்நிலத்தின் பழங்குடிகளை அவர்தம் காட்டினின்று துரத்தவும் உதவியது. பழங்குடியினரும் அதன் அருமையுணர்ந்து வாங்கிப் பயன்படுத்தினர்.

இனித் தீயெழுப்பும் பொறி. தமிழில் பொறி என்பது இயந்திரத்தையும் குறிக்கும், நெருப்புத் துளியையும் குறிக்கும். இங்கு இரண்டும் ஓரிடத்தே கூடுகின்றன. கல்லிலிருந்து தீ வருகிறது என்றே பலரும் எண்ணுவர். நானும் மாணவர்க்கு நெடுநாள் அவ்வாறே தவறாகக் கூறிவந்தேன். உண்மையில் எரிவது எஃகு. கடினமான கல்லின் கூர்விளிம்பு எஃகு முகத்திலிருந்து நுண்ணிய சீவல்களைப் பெயர்க்கிறது. அவை உராய்வின் சூட்டால் காற்றிலே பற்றி எரிந்து, கிண்ணத்திலுள்ள மருந்தில் வீழ்கின்றன. எஃகு முகம் மென்மையாயிருந்தால் பொறி எழாது. பூட்டின் மற்ற இரும்பு உறுப்புகளைக் கரித்தூள், எலும்புத்தூள், கருக்கிய தோல் ஆகியவற்றோடு பெட்டியில் அடைத்து நெடுநேரம் செந்தணலிற் காய்ச்சி நீரில் தோய்ப்பர். மேற்றோல் மட்டும் எஃகாகும். உள்ளே இரும்பின் நெகிழ்ச்சி மாறாது. கிண்ணத்து மருந்து மட்டும் எரிந்து, உள்ளே தீ செல்லாமற் போவதும் உண்டு. துப்பாக்கிக்காரர் பலர் இப்பூட்டை இங்கிலாந்திலிருந்து வருவித்துப் பொருத்தினர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை.

கட்டைக்கு உகந்தது வரியோடிய மேப்பிள் மரம். குழலுக்கு விளக்குப் புகையால் மை பூசி மரத்தில் அழுத்துவர்; கறை பட்ட இடத்தை மட்டும் சீவி மீண்டும் அழுத்துவர். இரும்பும் மரமும் இடைவெளியின்றிப் படியும்வரை இவ்வேலை ஓயாது. பின்னர் இரும்பு கரைந்த வெடியுப்புத் திராவகத்தைப் பூசித் தீயருகே காட்டினால், புலிவரிபோல் கருமையும் பொன்மையும் தோன்றும். அதன்மேல் ஆளிவிதை எண்ணெய்.

செதுக்கு வேலைக்கு இடம் கட்டையின் பக்கத்திலுள்ள பித்தளைப் பெட்டி மூடி. எண்ணெய்த் துணி வைக்கும் பெட்டி அது. கருவிகள் இரண்டே: கூர் தீட்டிய சிறு உளி, இலேசான சுத்தி. உளியை நிமிர்த்தினால் உலோகத்துள் ஆழ்ந்து நின்றுவிடும். தாழ்த்தினால் வழுக்கி ஓடும். பக்கம் சாய்த்தால் கோடு தடிக்கும், நிமிர்த்தினால் மெலியும். எழுத்தாணி பிடித்த நம் முன்னோர்க்கு இது விளங்கியிருக்கும். கரும்பலகையில் பிழை செய்தால் துடைக்கிறோம். இங்கு உளி ஒருமுறை வழுக்கினால், அக்கீறல் மறைய மூடி முழுவதையும் அராவவேண்டும். ஆதலின் பயில்வோர் கழிந்த பித்தளைத் தகட்டில் வளைகோடு ஒன்றையே நூறு முறை வெட்டிப் பழகுவர். இரும்புப் பூட்டில் செதுக்குவது, அதனைக் கடினப்படுத்து முன்னரே முடியவேண்டும். பின்னர் உளி ஏறாது. கொடிச்சுருள்களே மிகுதி. அவை ஐரோப்பிய மாளிகை அணிகலன்களில் விளங்கிய பாணி; காட்டு வேடன் கைத்துப்பாக்கியில் வந்து குடிகொண்டது விந்தையன்றோ!

'கெந்தக்கித் துப்பாக்கி' என்று உலகம் இதனை அழைப்பது 1815ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் போரின் வெற்றியைப் பாடிய ஒரு பாட்டினால். அப்போருக்குக் கெந்தக்கியிலிருந்து வந்தோரிற் பெரும்பாலோர் துப்பாக்கியின்றியே வந்தனர் என்பது வேடிக்கை. செய்தவர் ஓரிடத்தார், பெயர் பெற்றவர் வேறிடத்தார்!

1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் போர்சைத் அடியால் வெடிக்கும் மருந்துக்கு உரிமை பெற்றார். அதன்பின் கல் மறைந்தது. ஆலைகள் குழல்களை வடிக்கத் தொடங்கின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தொழில் அறிந்தோர் மலைநாட்டுச் சிற்றூர்களில் ஒருசிலரே. 1933இல் வாய்வழித் துப்பாக்கிக்கென ஒரு தேசியச் சங்கம் தோன்றியது. வர்ஜீனியாவின் பழம்பெரும் வில்லியம்ஸ்பர்க் நகரில் வாலஸ் கஸ்லர் என்னும் கைவினைஞர், பழைய துப்பாக்கிகளையே ஆசானாகக் கொண்டு, இரும்புப் பட்டை முதல் செதுக்கு வேலை ஈறாக யாவற்றையும் கையாற் செய்தார். 1969இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது.

அப்படத்தை எம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஒருநாள் காட்டினேன். குழல் ஒட்டும் காட்சியில் வகுப்பு மூச்சடங்கியிருந்தது. முடிந்ததும் ஒரு சிறுவன் எழுந்து, "அந்த ஐயா உளி அடிக்கும்போது பேசவே இல்லையே, ஏன் சார்?" என்று கேட்டான். அவன் தாத்தா பொற்கொல்லர். தாத்தாவின் உளி இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறதாம். அதனை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லையாம். மறுநாள் துணியிற் சுற்றி எடுத்து வந்தான்.