பேட்டரி மாற்றியும் வண்டி கிளம்பவில்லையா? கம்பி முனையைப் பாருங்கள்

அதிகாலை ஐந்தரை மணி. துவாஸில் சரக்கு ஏற்ற வேண்டும். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிறு வேன் வைத்துப் பிழைப்பவருக்கு அந்தச் சத்தம் எவ்வளவு கசப்பானது என்பது தெரியும். எனக்கும் அது நடந்தது. பேட்டரி பழசு என்று சொல்லி ஒரு பட்டறையில் புதிது மாட்டினார்கள். ஆறு வாரத்தில் மீண்டும் அதே ‘டிக்’. இன்னொரு பேட்டரி. இரண்டுக்கும் கொடுத்த காசு போனதுதான் மிச்சம்.

கோளாறு பேட்டரியில் இல்லை. பேட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் தடித்த எர்த் கம்பியின் முனையில் இருந்தது. உறையைக் கீறிப் பார்த்தபோது உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. சில வெள்ளி பெறும் ஒரு செப்பு லக்கைச் சரியாக அழுத்தியிருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினை அது.

சிறு முனை, பெரிய இழப்பு

வீட்டு விளக்குக்கு ஓர் ஆம்பியர்கூடத் தேவைப்படாது. ஆனால், சிறு வாகனத்தின் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் லாரி என்றால் அதைவிடப் பல மடங்கு. கம்பி முனையில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும், 150 ஆம்பியர் ஓடும்போது 1.5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். கூடவே 225 வாட் வெப்பம் அந்தச் சுண்டுவிரல் அளவு இடத்தில் கிளம்பும். வண்டி கிளம்பாமல் போவதும், சில வேளை கம்பியின் உறை உருகிப் புகைவதும் இதனால்தான்.

சரியாக அழுத்திய முனையில் நூற்றுக்கணக்கான செப்பு இழைகளும் லக்கின் சுவரும் நெருங்கி, காற்று புக இடமில்லாத ஒரே கட்டிபோல் ஆகிவிடும். காற்றும் ஈரமும் புகாவிட்டால் செம்பு கறுக்காது, பச்சை பூக்காது. இடுக்கியால் நசுக்கினாலோ வைஸில் வைத்துத் தட்டையாக்கினாலோ அந்த இறுக்கம் வராது. அன்று வேலை செய்யும். சில மாத மழையிலும் அதிர்விலும் தளர்ந்துவிடும்.

ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. பேட்டரிக் கம்பிக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. ஈயம் இழைகளுக்குள் ஏறி, கம்பியை அந்த இடத்தில் விறைப்பாக்கிவிடும். அதிரும் வண்டியில் விறைத்த இடத்தின் ஓரத்தில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறும். முனை மிகவும் சூடானால் ஈயம் இளகவும் கூடும்.

எந்தக் கருவி?

மலிவானது, சுத்தியலால் அடிக்கும் கிரிம்பர். லக்கை அதன் பள்ளத்தில் வைத்து, மேலிருக்கும் முனையைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். ஆண்டுக்கு ஓரிரு கம்பி செய்பவருக்கு இது போதும். ஆனால், உறுதியான தரையோ இரும்புக் கட்டையோ கீழே வேண்டும். வீவக வீட்டில் இரவு நேரத்தில் அடித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

அடுத்தது கையால் இயக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர். கார் ஜாக்கியைப்போல் பிடியை ஏற்றி இறக்க, அறுகோண அச்சு லக்கைச் சுற்றி இறுக்கும். 70 சதுர மில்லிமீட்டர் வரை அழுத்தக்கூடியது இணையக் கடைகளில் 100 வெள்ளிக்குள் கிடைக்கிறது. இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் கட்டுப்படியாகும்.

லக், கம்பி, சூட்டில் சுருங்கும் குழாய் ஆகியவற்றை ஜாலான் புசார் வட்டாரத்து வன்பொருள் கடைகளிலும் சிம் லிம் டவரிலும் தேடலாம். லக்கின் மேல் 35-8 என்று இருந்தால், 35 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் உரியது என்று பொருள். பழைய கம்பியின் அளவையே வாங்குங்கள், குறைக்க வேண்டாம். கம்பி வழக்கத்தைவிட மலிவாக இருந்தால் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். முழுச் செம்பைவிட அது மின்சாரத்தைக் குறைவாகவே கடத்தும்.

செய்யும் முறை

1. லக்கின் குழாய் ஆழத்தை அளந்து, அதைவிட ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாக உறையை உரியுங்கள். ஓர் இழைகூட அறுபடக்கூடாது.

2. சுருங்கும் குழாயை முதலில் கம்பியில் கோத்துவிடுங்கள். பிறகு கோக்க முடியாது. உள்ளே பசை உள்ள குழாய் நம் ஈரப்பதத்துக்கு ஏற்றது.

3. இழைகள் பளபளப்பாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் நல்ல செம்பு வரும்வரை வெட்டி எறியுங்கள்.

4. எல்லா இழைகளும் குழாய்க்குள் முழு ஆழத்துக்குப் போக வேண்டும். பார்வைத் துளை இருந்தால் அதில் செம்பு தெரியும். உறை குழாய்க்குள் நுழையக்கூடாது.

5. போல்ட் துளைப் பக்கமிருந்து தொடங்கி, கம்பிப் பக்கம் நோக்கி இரண்டு முறை அழுத்துங்கள். பக்கவாட்டில் காதுபோல் செம்பு பிதுங்கினால் அச்சு சிறியது. லக் ஆடினால் பெரியது. அச்சில் பொறித்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். முதலில் ஒரு துண்டுக் கம்பியில் செய்து, ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். இழைகளுக்கிடையே இடைவெளி தெரியக்கூடாது.

6. பலமாக இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் குழாயைச் சூடாக்கிச் சுருக்குங்கள்.

மாட்டும்போது கவனம்

மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றிவிட்டு, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். முதலில் கழற்ற வேண்டியது மைனஸ். கடைசியில் மாட்ட வேண்டியதும் மைனஸ். ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஒரு பொறி போதும் வெடிக்க. கம்பியை வீட்டு மேசையில் செய்யலாம். வண்டியில் மாட்டும் வேலையைத் தெரிந்த பட்டறையில் வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு ஒரு சோதனை. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் உடலிலும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் அந்த வழியில் எங்கோ கோளாறு இருக்கிறது. புது பேட்டரி வாங்குவதற்கு முன்னரே இதைச் செய்து பார்க்கலாம். என் வேனில் யாராவது இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்திருந்தால் இரண்டு பேட்டரிக் காசு மிஞ்சியிருக்கும்.

தொடக்கூடாதவை

இங்கே சொன்னது 12 வோல்ட் வாகனக் கம்பிக்கு மட்டும். வீட்டு 230 வோல்ட் மின்சாரத்துக்கு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். மின்சார, ஹைப்ரிட் கார்களின் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயிரைப் பறிக்கும் அளவு வோல்ட் இருக்கிறது. மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள் பேட்டரிகளைத் திருத்துவதும் வேண்டாம். அவை வீட்டுக்குள் தீப்பற்றிய சம்பவங்கள் இங்கே பலமுறை நடந்துள்ளன. நிறுவன லாரி என்றால், கைத்திறன் இருந்தாலும் மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் கை வைக்காதீர்கள். பின்னால் அமர்ந்து வருபவர்கள் நம் சக ஊழியர்கள்.

அடுத்த முறை ‘டிக்’ சத்தம் கேட்டால், பணப்பையைத் திறக்குமுன் கம்பி முனையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விடை அங்கேதான்.