கொடையும் கல்வியும் கொழித்த கீழக்கரை

இராமநாதபுரத்திற்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் அமைந்த சிறுநகரம் கீழக்கரை. பரப்பில் சிறியதெனினும், தமிழக முஸ்லிம்களின் வரலாற்றில் இவ்வூர் பெற்றிருக்கும் இடம் பெரிது.

முத்துக்குளித்தலும் சங்கு எடுத்தலும் இக்கரையின் பழந்தொழில்கள். கடலோடி வாணிபம் செய்த மரைக்காயர்களின் கப்பல்கள் இலங்கைக்கும் வங்காளத்திற்கும் மலாக்காவிற்கும் சென்று மீண்டன. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாணிபத்தின் தலைமகனாக விளங்கியவர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். தமிழுலகம் அவரைச் சீதக்காதி என அன்புடன் அழைத்தது. சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியும் அவரும் உற்ற நண்பர்கள். சமயம் வேறாயினும் நட்பில் வேற்றுமை இருந்ததில்லை.

'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்னும் பழமொழியை அறியாத தமிழர் உண்டோ? உமறுப் புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாட ஆதரவளித்தவரும் இவ்வள்ளலே. நூல் நிறைவுறுமுன் அவர் மறைந்தார். பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புலவரைப் போற்றினார். 5027 பாடல்கள் கொண்ட அக்காவியத்தில் அவர் பெயரும் நன்றியுடன் இடம்பெற்றது.

அக்காலத்தே காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையை வாழிடமாகக் கொண்ட பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா. அரபு மொழியில் புலமை மிக்க அம்மகான் 1703ஆம் ஆண்டு மறைந்து இவ்வூரிலேயே அடங்கியுள்ளார்.

ஊருக்கு வருவோர் காணத் தவறக்கூடாதது பழைய ஜும்ஆ பள்ளி. கருங்கல் தூண்களும் கல் விதானமுமாக, தமிழகச் சிற்பிகளின் கைவண்ணத்தில் எழுந்தது அது. கோயில் மண்டபத்தை நினைவூட்டும் அமைப்பு. ஆயினும் உருவச் சிற்பம் ஏதுமில்லை. மார்க்கத்தின் வரம்பும் மண்ணின் கலையும் அங்கே இசைந்து நிற்கின்றன. கரைக்கு எதிரே அப்பாத் தீவு முதலிய தீவுகள் உள்ளன. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் தொதல் இவ்வூரின் தனிச்சுவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரையின் புகழை வளர்த்தவர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எனப்படும் செய்யிது முகம்மது ஆலிம் (1816-1898). அரூஸிய்யா மத்ரஸாவை இங்கு நிறுவிய அப்பெருமகனார், அரபுத் தமிழில் பல நூல்களை இயற்றினார். 'மஃகானி' அவற்றுள் பெயர் பெற்றது. அரபு எழுத்துகளுடன் தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளியிட்ட சில எழுத்துகளையும் சேர்த்துத் தமிழை எழுதும் முறையே அரபுத் தமிழ். குர்ஆன் ஓதக் கற்ற பெண்மக்கள், பள்ளிக்கூடம் செல்லாமலேயே இதனால் மார்க்கச் சட்டங்களைப் படித்தறிந்தனர். எழுத்தறிவு அடுப்பங்கரை வரை சென்ற பெருமை அதற்குண்டு.

இன்று அந்த எழுத்தைப் படிக்க வல்லோர் அருகி வருகின்றனர். கல்லால் எழுந்த பள்ளி மூன்று நூற்றாண்டுகளைத் தாங்கி நிற்கிறது. காகிதத்தில் எழுந்த செல்வமோ கரையானுக்கு இரையாகிறது. வீட்டுப் பெட்டியில் பாட்டியார் வைத்துச் சென்ற பழைய கிதாபு இருப்பின், அதனை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஓதத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே பிள்ளைகளை அவரருகில் அமர்த்துங்கள். சீதக்காதி பொருளைக் கொடுத்தார். ஆலிம்கள் அறிவைக் கொடுத்தனர். பெற்றதைப் பேணி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடமை. அதற்கு வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக!