சரக்கு காத்திருக்கும், ஆள் காத்திருப்பாரா?

டில்லியில் லோதி காலனி, சேவா நகர், சரோஜினி நகர் ஆகிய இடங்களில் இரயில் நிலையங்கள் உண்டு. அங்கே ஏறி ஆபீஸ் போய் வந்த நம்மவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊரில் கூட்டத்துக்கா பஞ்சம்? பின் ஏன் இப்படி?

சுமார் 35 கி.மீ. நீளமுள்ள இந்தச் சுற்று இரயில்பாதை 1975-இல் சரக்கு வண்டிகளுக்காக அமைந்தது. நெரிசல் மிகுந்த பழைய டில்லி, புதுடில்லி நிலையங்களுக்குள் நுழையாமல் அவை சுற்றிப் போக வேண்டும் என்பதே நோக்கம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிப் பயணிகளுக்கும் கூடுதலாக வண்டிகள் விட்டார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, தண்டவாளம். ஐம்பதுக்கு மேற்பட்ட வேகன்களை இழுக்கும் சரக்கு வண்டி மெல்லத்தான் வேகம் எடுக்கும். பிரேக் போட்டாலும் நெடுந்தூரம் போய்த்தான் நிற்கும். உள்ளூர் வண்டியோ அடிக்கடி நின்று நின்று கிளம்புவது. முன்னால் போகும் வண்டி விலகினால்தான் பின்னால் வருவதற்கு சிக்னல் விழும். ஆகவே இரண்டும் ஒரே பாதையில் ஓடினால், சில நிமிடத்துக்கு ஒரு வண்டி விடுவது நடக்காத காரியம்.

இரண்டாவது, நிலையம் இருக்கும் இடம். நிலக்கரி ஒரு மணி நேரம் பிந்தி வந்தால் கோபித்துக்கொள்ளாது; ஊருக்குப் பின்புறம் இறக்கினாலும் கேள்வி கேட்காது. மனுஷர் அப்படியில்லை. இறங்கியதும் பஸ் வேண்டும், வெளிச்சம் வேண்டும், பெண்பிள்ளைகள் பயமின்றி நடக்க வழி வேண்டும்.

2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே மெட்ரோ வந்தது. முதல் கட்டத்தில் போட்டது இரயில்வேயின் அதே 1676 மி.மீ. அகலப்பாதைதான். ஆனால் அதில் சரக்கு வண்டிக்கு இடமில்லை. 2018-இல் திறந்த பிங்க் லைன் சரோஜினி நகர், லாஜ்பத் நகர் என்று சுற்று இரயில் போகும் பக்கமாகவே போகிறது. கட்டணம் அதிகம், இருந்தும் ஜனங்கள் அதில்தான் ஏறுகிறார்கள். வியாபாரிக்குத் தெரிந்த கணக்குதான் இது: விலை மலிவாக இருந்தாலும், எப்போது திறக்கும் என்று தெரியாத கடைக்கு யாரும் போகமாட்டார்கள்.

சரக்கைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். இரயில்வேயின் வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. பயணிகள் கட்டணத்தில் விழும் நஷ்டத்தையும் அதுவே ஈடுகட்டுகிறது. அதனால்தான் கிழக்கில் 1337 கி.மீ., மேற்கில் 1506 கி.மீ. என்று சரக்குக்கே தனித்தடங்கள் திட்டமிட்டார்கள். பிரித்துவிட்டால் இரண்டுக்கும் நல்லது.

ஆகவே நம் பகுதிக்குப் புதிய இரயில் வருகிறது என்று அறிவித்தால், டிக்கெட் எவ்வளவு என்பதை அப்புறம் கேட்போம். எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி? வீட்டிலிருந்து எவ்வளவு நடை? இறங்கினால் அடுத்த பஸ் எங்கே? இந்த மூன்றையும் முதலில் கேட்போம்.