நூலகருக்கு எதற்கு நிரல்மொழி?

உங்கள் செல்போனில் ஒரு நூலகத்தின் இணையப் பட்டியலைத் திறந்து 'தொல்காப்பியம்' என்று தேடுறீங்க. 'இல்லை' என்று வருகிறது. நேரில் போய்ப் பார்த்தால் அதே புத்தகம் அலமாரியில் இருக்கு! எப்படி?

'தொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். 'த'வுடன் ஒற்றைக் குறியாக 'ொ' சேர்ப்பது ஒன்று. 'ெ', 'ா' என இரண்டு குறிகளைத் தனித்தனியே சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கணினிக்கோ அவை வேறு வேறு. இந்த வேறுபாட்டைச் சரிசெய்து தேடும்படி அமைக்கப்படாத மென்பொருளில், ஒரு விதமாகப் பதிந்த நூல் மற்ற விதமாகத் தேடினால் கிடைக்காது.

பத்தாயிரம் நூல்கள் உள்ள பட்டியலில் இதைக் கையால் திருத்திக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் ஆகும். பைத்தானில் பத்து, பதினைந்து வரி எழுதத் தெரிந்த நூலகருக்கு இது சிறிய வேலை. இதற்கான வசதி பைத்தானுடன் சேர்ந்தே வருகிறது.

அகர வரிசையிலும் இதே கதைதான். பள்ளியில் படித்த வரிசைப்படி 'கபிலர்' முதலில், 'கனவு' பிறகு. ஏன்னா, 'ன' கடைசி மெய். யூனிகோடு எண் வரிசையில் 'ப'வுக்கு முன்னாலேயே 'ன' வந்துவிடும். வெறும் எண் வரிசைப்படி அடுக்கும் மென்பொருளில் பட்டியல் தலைகீழாகும்.

அப்படியானால் எல்லா நூலகரும் நிரல் எழுதக் கற்கணுமா? வேண்டியதில்லை. பல நூலகங்கள் பயன்படுத்தும் 'கோஹா' என்ற இலவச மென்பொருள் 1999-இல் நியூசிலாந்து நூலகம் ஒன்றுக்காக உருவாக்கத் தொடங்கியது. அது பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. அதைப் பயன்படுத்த பெர்ல் தெரிய வேண்டாம். ஆனால் 'ஓராண்டாக யாருமே எடுக்காத நூல்கள் எவை?' போன்ற கேள்விக்கு நாமே விடை எடுக்க எஸ்கியூஎல் கைகொடுக்கும். ஒன்றுதான் கற்க நேரம் இருக்கு என்றால், முதலில் அதையே சொல்வேன். பைத்தான் அடுத்து.

நிரலால் ஆகாததும் உண்டு. 'மு.வ.', 'மு. வரதராசன்', 'வரதராசன், மு.' மூன்றும் ஒருவரே என்பது நூலகருக்குத் தெரியும். நாம் சொல்லிக் கொடுக்காமல் நிரலுக்குத் தெரியாது.

நூலகவியல் படிப்பவரா நீங்கள்? மடிக்கணினி இல்லாவிட்டாலும் செல்போன் உலாவியில் 'கூகுள் கோலாப்' திறந்து பைத்தான் பழகலாம். நூல் பட்டியலின் நகலில் மட்டும் முயன்று பாருங்க. உறுப்பினர்களின் பெயர், செல்போன் எண் உள்ள கோப்பை அங்கே ஏற்றவே கூடாது.

வாசகரா? தேடியது கிடைக்கலைன்னா தலைப்பின் ஒரு பகுதியை மட்டும், அல்லது ஆசிரியர் பெயரைப் போட்டுத் தேடுங்க. அப்படியும் வராத நூல் அலமாரியில் இருந்தால், அதன் பதிவு எண்ணை நூலகரிடம் சொல்லுங்க. எந்தப் பதிவைத் திருத்தணும் என்று அவர் கண்டுபிடிக்க அது போதும்.