48 மணித்தியாலத்தில் ஒரு விளையாட்டு

போட்டி என்றால் பரிசு உண்டு. பரிசு உண்டெனில் அதனை வழங்க ஒரு பெரிய மனிதர் உண்டு. மேடையும் மாலையும் உண்டு. இவை யாதும் இல்லாத ஒரு போட்டியைப் பற்றி இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லப் புகுகின்றோம். இதிலே முதலாவதாக வருபவருக்கு ஒரு சதமேனும் கிடையாது. அவர் ஆக்கிய பொருள் அவருக்கே சொந்தம்; அதுவே பரிசு என்று நடத்துவோர் சொல்லிவிட்டார்கள். ஆயினும் உலகின் பல பாகங்களிலும் உள்ளவர்கள், ஊணையும் உறக்கத்தையும் குறைத்துக்கொண்டு, இரண்டு நாள் இதற்கெனக் கணினியின் முன் அமர்ந்துவிடுகிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் இத்துறையிலே சம்பளம் வாங்குபவர் அல்லர், ஆசையினால் வருபவர்கள்.

போட்டியின் பெயர் 'லூடம் டேர்'. இலத்தீன் மொழியில் 'விளையாட்டைக் கொடுத்தல்' என்பது இதன் பொருள். கொடுக்கப்பட்ட தலைப்பை ஒட்டி ஒரு கணினி விளையாட்டை 48 மணித்தியாலத்துள் தனியொருவராக ஆக்கி முடித்தல் வேண்டும். சித்திரம், ஓசை, இசை, கணினிக்குரிய நிரல் ஆகிய எல்லாம் அந்த நேரத்துள் அவர் கையாற் பிறந்தவையாய் இருத்தல் அவசியம். எழுதிய நிரலையும் யாவரும் பார்க்கும்படி கூடவே வெளியிட வேண்டும். இத்துணைக் கண்டிப்பு வேண்டாம் என்போர் கூட்டாகச் சேர்ந்து 72 மணித்தியாலத்திற் செய்வதற்கு 2010 ஆம் ஆண்டில் வேறொரு பிரிவும் ஏற்பட்டது.

இதனை 2002 ஏப்பிரலில் ஜெஃப் ஹவ்லண்ட் என்பவர் தொடங்கிவைத்தார். அப்போது கொடுத்த அவகாசம் 24 மணித்தியாலமே. வந்த விளையாட்டுகள் இருபதுக்கும் குறைவு. அதே ஆண்டு யூலையில் நடந்த அடுத்த போட்டியில் அவகாசம் இரட்டிப்பாகி, இன்றுள்ள 48 மணித்தியாலம் ஆயிற்று. கணினிக்காரர் எதனையும் சுழியத்திலிருந்து எண்ணும் வழக்கமுடையவர். ஆகவே ஏப்பிரலில் நடந்ததற்குச் சுழியம் என்றும் யூலையில் நடந்ததற்கு ஒன்று என்றும் இலக்கமிட்டார்கள்! 2014 ஆம் ஆண்டளவில் ஒரே போட்டிக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட விளையாட்டுகள் வந்து குவிந்தன.

தலைப்பைத் தெரிவுசெய்வோரும் போட்டியாளரே. பலரும் தலைப்புகளை முன்மொழிவார்கள். பலவற்றைக் கழித்து, எஞ்சியவற்றுக்கு வாக்களிப்பார்கள். எது வென்றதென்பது போட்டி தொடங்கும் கணத்திலேதான் வெளியாகும். 2011 டிசம்பரில் வந்த தலைப்பு 'தனிமை'. 2013 ஓகஸ்டில் '10 வினாடிகள்'. 2014 டிசம்பரில் 'முழு விளையாட்டும் ஒரே திரையில்'. 2022 ஏப்பிரலில் 'தவிர்க்க முடியாததைத் தாமதப்படுத்து'.

'தனிமை' என்ற தலைப்புக்கு எழுதியவர்களுள் மார்க்கஸ் பெர்சன் என்ற சுவீடன் தேசத்தவரும் ஒருவர். 'மைன்கிராஃப்ட்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டை ஆக்கியவர் இவரே. அதன் முழுப் பதிப்பு வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெயரும் பொருளும் வந்து சேர்ந்தபின் அவர் மறுபடியும் இந்தத் திண்ணைக்கு வந்து, தாம் நிரல் எழுதுவதை உலகம் நேரடியாகப் பார்க்கவிட்டு, 48 மணித்தியாலத்தில் 'மினிகிராஃப்ட்' என்ற சிறு விளையாட்டை ஆக்கிக் கொடுத்தார். கனடா தேசத்து டானியல் மலின்ஸ் என்பவர் 2018 டிசம்பரில் 'தியாகங்கள் செய்தாக வேண்டும்' என்ற தலைப்புக்கு ஒரு சீட்டு விளையாட்டை ஆக்கினார். அதனை வளர்த்து 2021 இல் 'இன்ஸ்கிரிப்ஷன்' என வெளியிட, மறு ஆண்டு அது சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவிலே பெருவிருதைப் பெற்றது.

இத்தகைய வெற்றிக் கதைகளைப் பத்திரிகைகள் விரும்பிச் சொல்லும். நாமோ வெற்றி பெறாத ஒருவரைப் பற்றியே அதிகம் சொல்ல விரும்புகின்றோம். அவர் எமது தமக்கையாரின் மகன், யாழ்ப்பாணத்தவர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்த காலத்தில், 2025 ஏப்பிரலில், 57 என இலக்கமிட்ட போட்டியிற் கலந்துகொண்டார். அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர் பதினொரு விளையாட்டுகளைத் தொடங்கியிருந்தார், ஒன்றையும் முடிக்கவில்லை. எழுத்தாளராக விரும்புவோர் வீட்டு மேசை இழுப்பறைகளிலும் பாதிக் கதைகள் கிடப்பதை நாம் கண்டிருக்கின்றோம். இம்முறையும் முடியாவிட்டால் இந்த ஆசையை விட்டொழிப்பதெனத் தமக்குள்ளே அவர் தீர்மானித்திருந்தார் என்பது எமக்குப் பின்னரே தெரியவந்தது.

தமக்கையாருக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. "நித்திரையும் இல்லை, காசும் இல்லை, இதென்ன போட்டி, தம்பி?" என்று எம்மிடம் கேட்டார். நாம் தக்க விடை சொன்னோமென்று சொல்வதற்கில்லை.

மேற்கே வெள்ளி இரவாயிருக்கையில், நம் நாட்டிற் சனி காலை, தலைப்பு வெளியாயிற்று: 'ஆழங்கள்'. எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கடலும் சுரங்கமுமே. இத்தகைய போட்டியில் முதலில் தோன்றுவதை விலக்கிவிடுவது நல்லதென்பர். ஏனெனில் அது ஆயிரம் பேருக்கும் தோன்றியிருக்கும். மருமகன் ஒரு மணித்தியாலம் முற்றத்தில் உலாவிவிட்டு வந்து, "கிணறு" என்றார்.

யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறில்லாத சுண்ணக்கல் நிலம் அது. மழைநீர் கல்லினூடே இறங்கி, கனத்த உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் நன்னீர். அளவை மீறினால் கீழேயுள்ள உப்பு மேலெழுந்துவிடும். அவர் எண்ணிய விளையாட்டும் இதுதான். ஆடுபவருக்கு ஒரு தோட்டமும் துலாக் கிணறும் உண்டு. துலாவினால் இறைத்தால் வேலை மெதுவாக நடக்கும், பயிர் வாடும். நீரிறைக்கும் இயந்திரத்தை வாங்கினால் தோட்டம் ஒரே நாளிற் செழிக்கும். ஆனால் திரையின் அடியிலே உப்பின் கோடு சத்தமின்றி உயர்ந்துகொண்டிருக்கும்.

தொடக்கத்தில் அயல்வீட்டார், ஆடுகள், சித்திரைப் புத்தாண்டு என்று ஒரு முழுக் கிராமமே திட்டத்தில் இருந்தது. சனி மாலைக்குள் ஆடுகள் போயின; இரவு அயல்வீட்டாரும் போனார்கள். ஞாயிறு காலையில் எஞ்சியது கிணறு ஒன்றே. வெட்டுவதற்கு மனம் வராதவர் இங்கே முடிப்பதில்லை. எமது மருமகனுடைய பதினொரு பழைய விளையாட்டுகளும் ஏன் முடியவில்லை என்பது அந்தத் திட்டத் தாளிற் கோடு விழுந்த பகுதிகளைப் பார்த்தபோதே எமக்கு விளங்கிற்று.

ஓசைக்கு இப்போட்டியாளரிடையே ஒரு பழைய துணைவன் உண்டு. 2007 டிசம்பரில் நடந்த போட்டியின்போது தோமஸ் பெட்டர்சன் என்பவர், நேரமில்லாமல் தவிக்கும் சகபோட்டியாளருக்கு உதவியாக 'எஸ்.எஃப்.எக்ஸ்.ஆர்.' என்ற சிறு மென்பொருளை ஆக்கி இலவசமாகக் கொடுத்தார். ஒரு பொத்தானை அழுத்தினால் பாய்ச்சல், வெடி, நாணயம் என விதவிதமான சிற்றொலிகளை அது புதிது புதிதாகத் தரும். போட்டியில் எதிரே நிற்பவருக்கே கருவி செய்து கொடுக்கும் பண்பு எமக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பெட்டியிற் கிணற்றோசை இல்லை. ஞாயிறு இரவு பத்து மணிக்கு மருமகன் கைத்தொலைபேசியுடன் கிணற்றடிக்குப் போனார். கயிற்றை விடுவதா, தொலைபேசியைப் பிடிப்பதா என்று அவர் தடுமாறுவதைக் கண்ட தமக்கையார் ஒன்றும் பேசாமல் வந்து வாளியை வாங்கி, மூன்று தடவை இறக்கித் தூக்கிக் கொடுத்தார். விளையாட்டிற் கேட்பது அந்த மூன்றாவது வாளியின் ஓசை.

திங்கள் காலை, நேரம் முடிய ஏறக்குறைய இருபது நிமிடம் இருக்கையில், 'கிணறு' இணையத்தில் ஏறிற்று.

அதன்பின் தொடங்குவது மதிப்பீடு. நடுவர் குழு என்று ஒன்றில்லை. போட்டியாளரே ஒருவர் விளையாட்டை ஒருவர் ஆடிப் புள்ளியிடுகிறார்கள். புதுமை, இன்பம், தலைப்புக்குப் பொருத்தம், சித்திரம், ஓசை, நகைச்சுவை, உணர்வுநிலை என்பனவும், மொத்தத்தில் எப்படி என்பதும் வெவ்வேறாகக் கணிக்கப்படும். ஏறத்தாழ 20 பேராவது புள்ளியிட்டாலன்றித் தரவரிசையில் இடமில்லை. பிறர் விளையாட்டை ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்பவரின் ஆக்கமே பிறர் கண்ணிற் படும்படி முன்னே வைக்கப்படும். ஆகவே தன் பொருளை மட்டும் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பவரை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

முதல் நாளே ஒரு முறைப்பாடு வந்தது: வாளி கண்மூடித் திறக்குமுன் அடியிற் போய் விழுகிறதாம். காரணம் சுவையானது. கணினி வினாடிக்குப் பல தடவை படத்தை மாற்றி வரைகிறது. பெரும்பாலான திரைகளில் 60 தடவை. மருமகன் ஒவ்வொரு படத்துக்கும் வாளி இவ்வளவு இறங்கட்டும் என எழுதியிருந்தார். முறையிட்டவரின் திரையோ வினாடிக்கு 144 படம் காட்டுவது. ஆகவே அங்கே வாளி இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக இறங்கிற்று. கழிந்த நேரத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும் என்பது பாடநூலில் உள்ளதுதான். விளையாட்டையே கெடுக்கும் இத்தகைய பிழைகளை நேரம் கடந்தபின் திருத்தவும் விதி இடமளிக்கிறது, அன்றிரவே திருத்தினார்.

மேலும் சிலர், துலா என்பது யாது என வினவினார்கள். உப்பு ஏன் வருகிறது, இது கற்பனையா என்று ஒருவர் கேட்டார். அதற்கு மருமகன் நான்கு பந்தியில் மறுமொழி எழுதினார். பரீட்சைக்குக்கூட அவர் அப்படி எழுதியிருப்பாரோ என்பது ஐயமே. கடலோரத்து வேறொரு தேசத்தவர், தம் பாட்டியார் வீட்டுக் கிணறும் இவ்வாறே உவர்ப்பாகிவிட்டதென எழுதியிருந்தார். முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே நடவாமல் அலுப்புத் தட்டுகிறது என்று எழுதியவரும் உண்டு. அதுவும் உண்மையே, நாமும் ஆடிப் பார்த்தோம்.

மொத்தம் 27 பேர் புள்ளியிட்டிருந்தார்கள். இன்பத்தில் மிகவும் பின்னே, சித்திரத்தில் நடுவே, தலைப்புப் பொருத்தத்திலும் ஓசையிலும் ஓரளவு முன்னே. தமக்கையார் ஓசைக்கு எத்தனை புள்ளி என்று மட்டும் இரண்டு தடவை விசாரித்தார்.

இதிற் கலந்துகொள்ள விரும்பும் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இரண்டொரு வார்த்தை. விலையுயர்ந்த கணினி தேவையில்லை. மருமகன் வைத்திருந்தது பழைய மடிக்கணினியே. பயன்படுத்திய 'கொடோ' என்ற மென்பொருள் இலவசமாய்க் கிடைப்பது. அவசியமானது இணைய இணைப்பு. அதுவும் முதலிலும் முடிவிலுமே. மின்சாரம் தடைப்படக்கூடும் என்பதால் செய்ததை அடிக்கடி சேமித்துவைக்கச் சொல்லுங்கள். இரண்டு இரவும் விழித்திருக்க விடாதீர்கள். ஆறு மணித்தியாலம் உறங்கி எழுந்தவர் காணும் பிழையை உறங்காதவர் காண்பதில்லை. சாப்பாட்டை மேசைக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள்.